இரண்டு மரக்கட்டைகளும் ஒரு மொரிஸ் மைனரும்

1

இந்தக் குறிப்பை என் மாமனாரின் நினைவு நாளுக்காக எழுதத் தொடங்கினேன். கூடப் போட ஒரு படமும் எடுத்து வைத்திருந்தேன். பளபளவென்று ஒரு மொரிஸ் மைனர் கார், பக்கத்தில் துடைக்கும் துணியோடு நான். கொழும்பில் ஒரு திருப்பூர்க்காரன் செய்த வேலையைப் பாருங்கள் என்று உங்களிடம் பீற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மாமியார் ஓட்டிய காரை, அவர் ஓட்டியது என்பதே தெரியாமல், இனி அவர் ஓட்டவே முடியாதபடி புதுப்பித்துக் கொடுத்துவிட்டேன். அதையும் சொந்தபந்தங்களைக் கூட்டி, சோறு போட்டு, கைதட்டு வாங்கிக்கொண்டு செய்தேன். அந்தக் காரை மறுபடி ஒருமுறையாவது ஓட்டிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதுவும் எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே சட்டியில் சாப்பிடுகிறோம், எனக்குத் தெரியாது!

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருப்பூரில் சாயப்பட்டறை வேலை பழகியவன் நான். அந்தப் பழக்கத்தை வைத்து ரத்மலானையில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்கு வந்தேன். அங்கே தரம் பார்க்கும் பிரிவில் இருந்துகொண்டு, நான் போட்ட சாயத்தையெல்லாம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவள் ஜெசி. அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். அவர்கள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர்கள். இப்போது வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நம் ஊர்ச் சந்து மாதிரி, குடியிருக்கிறோம். நானும் ஜெசியும் மகள் ஆனியும், ஜெசியின் அம்மாவும். நம் ஊரில் மாமியாரை அத்தை என்போம்; இங்கே மாமி. முதல் வருடம் முழுக்க நான் "அத்தை" என்று கூப்பிட, அவர் யாரைக் கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்ப்பார்.

2

வருடா வருடம் என் வீசாவைப் புதுப்பிக்க வேண்டும். இந்த நாட்டில் நான் இருப்பதே ஜெசியின் புருஷன் என்ற பேரில்தான். அலுவலகத்தில் என் முகத்தைப் பார்த்ததும் "நோனா கோ?" என்பார்கள். வீட்டம்மா எங்கே என்று அர்த்தம். ஜெசி முன்னால் போய்ச் சிங்களத்தில் கதைப்பாள், சிரிப்பாள், ஒரு தாள் குறைகிறது என்றால் வாதாடுவாள். நான் அவளுக்குப் பின்னால் கடவுச்சீட்டைப் பிடித்துக்கொண்டு, பந்திக்குக் காத்திருப்பவனைப்போல நிற்பேன். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுவேன். அன்று மாலை திருப்பூருக்கு போன் போட்டு அண்ணனிடம், "வீசா வாங்கிட்டு வந்துட்டேனுங்கண்ணா" என்பேன். வாங்கிட்டு வந்தேனாம்! ஜெசி பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

வீட்டில் ஆனியோ என் தமிழைத் திருத்துகிறாள். "ஆமா எண்டு சொல்லாதீங்க அப்பா, என்ட ஃபிரண்ட்ஸ் சிரிப்பாங்க. ஓம் எண்டு சொல்லுங்க." என் மகள் வாயில் திருப்பூர் வரவே இல்லை. என் அம்மா போனில் "சாப்ட்டியா கண்ணு" என்றால், பதில் சொல்லுமுன் என்னைப் பார்ப்பாள். கொட்டாஞ்சேனைச் சொந்தங்களுக்கு நான் இன்னும் "ஜெசிட இந்திய மாப்பிள்ளை"தான். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் விருந்துகளில் எனக்கு மட்டும் தனியாக ஒரு நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள், விருந்தாளிக்குப் போடுவதுபோல. அந்த நாற்காலியிலிருந்து எழுந்து, இந்த வீட்டு ஆள் இவன் என்று ஒருதரமாவது நிற்கவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. கார் அதற்காகத்தான்.

3

கொட்டாஞ்சேனைப் பழைய வீட்டை விற்றபோது, அங்கே ஒரு தகரக் கொட்டகைக்குள் கிடந்த மொரிஸ் மைனரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் முற்றத்தில் விட்டார்கள். வீட்டில் எல்லாரும் அதை "அப்பாட கார்" என்றார்கள். மாமிகூட "அவரிட கார்" என்றுதான் சொன்னார். ஜெசியின் அப்பா சேவியர் மாமா துறைமுகத்தில் எழுதுவினைஞராக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். அவர் அந்தக் காரில் சாய்ந்து, சாவியை விரலில் மாட்டிக்கொண்டு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் வீட்டில் எத்தனையோ உண்டு. ஒன்றிலும் மாமி இல்லை. படம் எடுத்தது யார் என்று நான் யோசிக்கவில்லை.

ஏன் யோசிக்கப் போகிறேன்? எங்கள் வீட்டிலும் அப்படித்தானே. அப்பாவிடம் ஒரு மொபெட் இருந்தது. அப்பா ஓட்டுவார், அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து தக்காளிக் கூடையைப் பிடித்துக்கொள்வார். அப்பா வண்டி என்றால் அப்பா ஓட்டும் வண்டி. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் காருக்கே போயின. கடற்காற்றில் தரைத் தகடு அப்பளமாக நொறுங்கியது. பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பழைய சாமான் விற்கும் முதலாளிமாருக்கு என் தமிழும் விளங்காது, என் சிங்களமும் விளங்காது. கையால் அபிநயம் பிடித்துக் கதவுப் பிடி வாங்கினேன். பெயின்ட் அடிக்க ஒரு பாஸ் வந்தார். கைவேலை தெரிந்தவர்களை இங்கே பாஸ் என்பார்கள். மற்றதெல்லாம் நான். பழைய கியர் பெட்டியைக் கழற்றி ஜப்பான் கார் ஒன்றின் பெட்டியைப் பொருத்தினேன். முகப்பு விளக்குகளை மாற்றினேன். திரும்பும்போது பக்கவாட்டில் எழும்பும் அந்தச் சின்னக் கை இருக்கிறதே, அதை மட்டும் மாற்றாமல் மறுபடி வேலை செய்ய வைத்தேன். ஒழுங்கையில் போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்ப்பார்கள். எதிர் மாடிவீட்டுக்காரர் பால்கனியிலிருந்து, "மச்சான், முடிஞ்சதும் ஒரு ரவுண்ட் கூட்டிக்கொண்டு போகணும்" என்பார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓட்டுநர் இருக்கையைக் கழற்றிய நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதன் மேல் தட்டையான ஒரு பஞ்சு மெத்தை, பூச்சி அரித்தது. கிளச், பிரேக் மிதிகள் இரண்டிலும் செருப்பு வாரால் மாட்டிய மரக்கட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு சோப்புக் கட்டி அளவு. மேற்புறம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. யாரோ ஒப்பேற்றிய வேலை என்று நினைத்தேன். நான் சற்று உயரமானவன். எனக்கு வசதியாகப் புது இருக்கை ஒன்று வாங்கி, நன்றாகப் பின்னால் தள்ளி, அசையாதபடி வெல்டிங் வைத்துவிட்டேன்.

அன்று மாலை மாமி முற்றத்துக்கு வந்தார். சின்ன உருவம். என் நெஞ்சுக்குக்கூட எட்டமாட்டார்.

"தம்பி, உதுக்குள்ள ரெண்டு கட்டை இருந்திச்சு."

"அதெல்லாம் பழைய இரும்புக்காரன்கிட்ட தள்ளிவிட்டுட்டேனுங்க மாமி. மெத்தையும் போயிடுச்சு. இப்ப பாருங்க, சும்மா சோபா மாதிரி!"

"ஓம், ஓம். பழசு தானே."

அவர் புது இருக்கையைக் கையால் தடவிப் பார்த்தார். "வடிவா இருக்கு" என்றார். உள்ளே போய்விட்டார். நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன், மடையன்.

அந்த மாதத்தில் ஜெசி அவரை ஏதோ பரிசோதனைக்கு அழைத்துப்போனாள். கண் பார்வை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார்களாம். முச்சக்கர வண்டி பிடித்துக் கொடுத்தவன் நான். திரும்பி வந்தபோது மாமியின் முகத்தில் ஒரு மலர்ச்சி. வயதானவர்களுக்கு உடம்பு நன்றாயிருக்கிறது என்று டாக்டர் சொன்னால் சந்தோஷம்தானே என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அது சாரதி அனுமதிப்பத்திரத்தை, அதாவது டிரைவிங் லைசென்ஸை, புதுப்பிப்பதற்கான பரிசோதனை. கார் கொட்டகைக்குள் கிடந்த காலமெல்லாம் அவர் அதைக் காலாவதியாக விட்டதே இல்லையாம்.

4

மாமாவின் நினைவு நாளன்று கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் பூசை. பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு. காரை வெள்ளை விரிப்பால் மூடி வைத்திருந்தேன். எல்லாரும் முற்றத்தில் கூடியதும் விரிப்பை இழுத்தேன். "ஆ!" என்று ஒரு சத்தம். உள்ளே, ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு பித்தளைத் தகடு பதித்திருந்தேன். "சேவியர் மாமா ஓட்டிய கார்" என்று அதில் வெட்டியிருந்தது.

அதோடு விட்டேனா? பேச்சு வேறு. "மாமாவோட கை பட்ட ஸ்டியரிங் இது. அவரு ஓட்டின மாதிரியே இது இனி ஓடும்" என்றேன். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள்; அதையும் அழுகை என்றே எடுத்துக்கொண்டேன். ஜெசி சமையலறையில் சோற்றுப் பானையோடு நின்றதால் என் பேச்சைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே வாயைப் பொத்தியிருப்பாள்.

மாமியின் தங்கை ரீட்டா அன்ரிதான் சிரித்துக்கொண்டு தொடங்கினார். "சரி அக்கா, ஏறுங்களன். ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க!"

நான் பகிடி என்று நினைத்து, எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தேன். "அட, மாமிக்குக் காரெல்லாம் ஓட்டத் தெரியுமுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. கரண்டியோடு வாசலுக்கு வந்திருந்த ஜெசி, "என்ன கதைக்கிறீங்க நீங்க?" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, திகைப்புத்தான் இருந்தது.

மாமி அதற்குள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டுநர் பக்கம் ஏறிவிட்டார். ஏறியதும் அந்த இருக்கைக்குள் புதைந்துபோனார். ஸ்டியரிங்குக்கு மேலே அவருடைய நெற்றியும் கண்ணும்தான் தெரிந்தன. பித்தளைத் தகட்டைப் படித்தார். காலை நீட்டினார். மிதிகளுக்கும் அவர் பாதத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கால் விரல்கள் செருப்புக்குள் இன்னும் நீள முயல்வதைக் கதவோரம் நின்ற நான் பார்த்தேன். அந்தத் தேய்ந்த கட்டைகள் எதற்கு என்று அந்த நொடியில்தான் என் மண்டையில் ஏறியது. நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

மாமி தலையை வெளியே நீட்டி எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். "நான்தான் தேய்ஞ்சு போனன் போல. வயசாகுது தானே! வாங்க, சாப்பிடுவம். சோறு ஆறுது."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அது எனக்கு விளங்கியது. அதனால் இன்னும் கேவலமாக இருந்தது.

5

எல்லாரும் போனபின் சமையலறையில் ஜெசி பாத்திரம் கழுவினாள். நான் துடைத்தேன். கேட்காமலே சொன்னாள்.

"அப்பாக்கு கியர் வந்தா கிளச் வராது, கிளச் வந்தா கியர் வராது. கடைசி வரைக்கும் ஃபர்ஸ்ட் கியர் மட்டுந்தான். எங்கள ஸ்கூலுக்கு, கோவிலுக்கு, நீர்கொழும்புக்கு, எல்லா இடமும் கொண்டு போனது அம்மா. அப்பாவ வேலைக்கு விடப் போனா ஒரு தெரு முந்தி இறங்கி நடப்பார். பொம்பள ஓட்டிக்கொண்டு வந்து விடுறா எண்டு ஆக்கள் பகிடி பண்ணுவாங்க தானே."

"வீட்டுக்கு வர்றப்ப?"

"எங்கட ஒழுங்கைச் சந்தியில அம்மா நிப்பாட்டுவா. ரெண்டு பேரும் சீட் மாறுவாங்க. கட்டை இருந்தா அப்பாக்குக் கால் மடங்காது. அம்மாவே கழட்டி மடியில வச்சுக்கொள்ளுவா. அப்பா ஃபர்ஸ்ட் கியர்ல உர்ர்ர் எண்டு உள்ளுக்கு வருவார். நாங்க பின்னுக்கு இருந்து வாயப் பொத்திக்கொண்டு சிரிப்பம். ஒழுங்கைச் சனத்துக்கு அது சேவியர்ட கார். பழகிப் பழகி எங்களுக்கும் அப்பாட கார்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஜெசி."

"உங்களுக்குத் தெரியும் எண்டுதான் நான் நினைச்சன். இத்தனை மாசம் அந்தக் காருக்குள்ளயே கிடந்தீங்க. ஒரு நாளாவது அம்மாட்டக் கேட்டீங்களா?"

நான் ஒரு தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். ஜெசி குழாயை மூடினாள்.

"வீசா வாங்கிட்டு வாறதும் நீங்கதானே" என்றாள்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாக, நாளைக்கு என்ன சமையல் என்று கேட்பதுபோலச் சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போய்விட்டாள்.

6

மறுநாளே வெல்டிங்கை அறுத்தேன். பழைய இருக்கைக்கு அடியிலிருந்த தண்டவாளத்தை வைத்து இருக்கை முன்னும் பின்னும் போகும்படி செய்தேன். மரச்சாமான் கடை ஒன்றில் கழித்துப் போட்ட தேக்குத் துண்டு வாங்கிவந்து இரண்டு கட்டைகள் செதுக்கினேன். உயரம் எவ்வளவு என்று தெரியாது. மாமியிடம் கேட்க வெட்கம். கேட்காமல் செய்ய இன்னும் வெட்கம். கடைசியில் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"மாமி, மன்னிச்சுக்கோங்க. தெரியாம செஞ்சுட்டேனுங்க."

"ஐயோ, இதுக்கெல்லாம் ஏன் தம்பி? பழைய கட்டையும் அவர் செஞ்சதுதான். அது ஒரு பக்கம் சரிவு, எனக்குக் காலெல்லாம் உளையும்." கட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் ஒரு விரல் உயரம் வேணும்."

பித்தளைத் தகட்டைக் கழற்றிவிடுகிறேன் என்றேன். விடவில்லை. "இருக்கட்டும். அவர் பாத்தா ஆசைப்படுவார்" என்றார். ஆனி தொலைபேசியிலிருந்து தலையெடுக்காமல், "அப்பா, அம்மம்மா ஓட்டினது எனக்கே தெரியும்" என்றாள். என் மகளுக்கும் அவள் அம்மம்மாவுக்கும் நடுவில் எவ்வளவு கதை இந்த வீட்டில் ஓடியிருக்கிறது, நான் எங்கே இருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை, போக்குவரத்து குறைந்த நேரம், மாமியும் நானும் மட்டும் புறப்பட்டோம். புதிதாகத் தைத்த மெத்தை, செருப்பு வாரில் மாட்டிய கட்டைகள். ஒழுங்கையில் அப்போது ஒரு காக்கைக் குஞ்சும் இல்லை. புது கியர் பெட்டி மாமியை முதலில் இரண்டு தடவை உதறியது. "சனியன்" என்றார், மெதுவாக. கடற்கரை வீதிக்கு வந்ததும் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. முதுகு நிமிர்ந்தது. பஸ் ஒன்று பின்னால் ஹோர்ன் அடித்தபோது கண்ணாடியில் பார்த்து, "பொறு மல்லி, பொறு" என்றார்; மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. கொள்ளுப்பிட்டி வரைக்கும் போனோம். நான் பக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு சத்தமாகப் பாடி நான் கேட்டதில்லை. கோவில் பாட்டு, பாதி மறந்துபோனது. பாவி நான் இதைத்தான் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தேன் என்று இருந்தது. கண் கலங்கி, கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது எங்கள் ஒழுங்கை முனையில் மாமி காரை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"இறங்குங்க தம்பி."

"ஏனுங்க மாமி? வீட்டுக்கே போயிடலாமுங்களே."

"இந்தப் பக்கம் வாங்க. அங்க பாருங்க, எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க. நீங்க கஷ்டப்பட்டு செஞ்ச கார். நீங்க ஓட்டிக்கொண்டு வந்தாத்தானே வடிவு."

சொல்லிக்கொண்டே குனிந்தார். பார்க்காமலே வார்களை அவிழ்த்தார். இரண்டு கட்டைகளும் அவர் கைக்கு வந்துவிட்டன.

வேண்டாம் மாமி, நீங்களே ஓட்டுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. எதிர் மாடிவீட்டுக்காரர் பால்கனியிலிருந்து கைகாட்டினார். காரைச் சுற்றிப் போய் நான் அந்தப் பக்கம் ஏறினேன். எனக்குக் கால் மடங்கவில்லை. இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

முதல் கியரில் உள்ளே வந்தேன். "சுப்பர் மச்சான்! சும்மா பறக்குது!" என்று மேலிருந்து சத்தம். யாரோ கைதட்டினார்கள். நானும் கையை வெளியே நீட்டி ஆட்டினேன். பக்கத்தில் மாமி மடியில் கட்டைகளை வைத்து, அவை வெளியே தெரியாதபடி மேலே கைப்பையை வைத்துக்கொண்டு, அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.